ராமேஸ்வரம் கரையில் கேட்ட சிரட்டை வயலின்: அது ராவணன் வாசித்ததா?

அக்னி தீர்த்தக் கரையில் வடநாட்டுப் பெரியவர் ஒருவர் தேங்காய்ச் சிரட்டையில் செய்த வயலின் வாசித்தார், "இது ராவணன் வாசித்தது" என்றார், நீங்களும் ஒன்று வாங்கி வந்தீர்கள், வீட்டில் இழுத்தால் கீச்சென்ற சத்தம்தான் வருகிறது, மகளோ கற்றுக்கொண்டே தீருவேன் என்கிறாள். நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. ராவணன் கதை உண்மையா, அவர் யார், இதைக் கற்க முடியுமா என்று தனித்தனியாகக் கேட்டிருந்தாலும், "ஏமாந்துவிட்டேனா?" என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. நீங்கள் ஏமாறவில்லை. கேட்ட இசை அசல். ஆனால் அவர் கையில் வைத்து வாசித்த வாத்தியமும் உங்களுக்கு விற்ற வாத்தியமும் ஒரே தரத்தில் இருந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

என்னைப் பற்றி ஒரு வரி. ராமநாதபுரத்தில் பல வருஷமாகப் பிடில் சொல்லித் தருகிறேன், பழுதான வாத்தியங்களைச் சரிசெய்தும் கொடுக்கிறேன். அதனால் ராமேஸ்வரத்தில் வாங்கிய சிரட்டை வயலின்கள் என் திண்ணைக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த வாத்தியத்தின் மேல் வந்த பிடிப்பில் ராஜஸ்தான் போய், ஜோத்பூர் பக்கத்தில், இதை வாசித்துச் சாமி கதை பாடும் போப்பா என்ற பூசாரிக் குடும்பம் ஒன்றோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் பாடும் மார்வாரி எனக்குத் தெரியாது, கதையை இந்தியில் விளக்கச் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். அதனால் வாத்தியத்தின் கட்டுமானம், வாசிப்பு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கதையைப் பொறுத்தவரை நான் மாணவன்தான்.

முதலில் வாத்தியம். இதன் பெயர் ராவணஹத்தா. ராஜஸ்தானில், முக்கியமாக மார்வார் பகுதியில், நாயக் சமூகத்தைச் சேர்ந்த போப்பாக்கள் வாசிப்பது. அரைத் தேங்காய்ச் சிரட்டையின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதுதான் நாதம் எழும் குடம். அதில் நீளமான மூங்கில் செருகியிருக்கும். வாசிக்கும் கம்பிகள் இரண்டு. ஒன்று எஃகு. இன்னொன்று கம்பியே இல்லை, குதிரை வால் மயிரைக் கற்றையாகச் சேர்த்து முறுக்கியது. அந்த வாத்தியத்துக்குத் தொண்டை கரகரத்த மனிதக் குரல் வருவதற்கு அந்த மயிர்க்கற்றையும் ஆட்டுத்தோலும்தான் காரணம். இவற்றுக்கு அடியில் மெல்லிய எஃகுக் கம்பிகள் வரிசையாக ஓடும். அவற்றை யாரும் தொடுவதில்லை. மேல் கம்பியில் ஒரு ஸ்வரம் விழும்போது அதே சுருதியில் கூட்டிவைத்த கீழ்க்கம்பி தானாக அதிர்ந்து கூடவே பாடும். கடற்கரையில் ஒரே ஆள் வாசித்தும் பின்னால் தம்பூரா போடுவதுபோல ஒரு ரீங்காரம் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அது இதுதான். மூங்கிலின் பக்கவாட்டில் கம்பியை முறுக்கும் சின்னச் சின்னப் பிரடைகள் வரிசையாக இருந்திருக்கும், நினைவுபடுத்திப் பாருங்கள்.

வில் வளைந்தது, அதுவும் குதிரை மயிர்தான். வில்லில் சலங்கை மணிகள் கட்டியிருப்பார்கள். நான் அவர்களிடம் கண்ட பெரிய வித்தை இந்த மணியில்தான் இருக்கிறது. வில் போகும்போது நாதம் வருகிறது. திருப்பும் இடத்தில் மணிக்கட்டைச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டினால் மணி தாளம் போடுகிறது. மிருதங்கமும் வேண்டாம், தவிலும் வேண்டாம். நம்மூர் வில்லுப்பாட்டில் வீசுகோல் விழும்போது வில்லில் தொங்கும் மணிகள் குலுங்குமே, அது அடித்து வரும் ஓசை. இங்கே இழுப்பிலேயே தாளத்தையும் பிடிக்க வேண்டும். எத்தனையோ வருஷம் பிடில் வாசித்த என் கைக்கு இது வரவில்லை. மணி சரியாக விழுந்தால் ஸ்வரம் தடுமாறும், ஸ்வரத்தைப் பிடித்தால் மணி கண்டபடி கொட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ விளையாட்டுப்போல அதைச் செய்தார்கள்.

அடுத்து, வாசிக்கிறவர் யார் என்பது. உங்கள் மகளுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். போப்பாவை "நாட்டுப்புற வயலின் கலைஞர்" என்று சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். அவர் பூசாரி. பாபுஜி என்ற ராத்தோட் குல வீரரைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் அவர்கள். பாபுஜி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று சொல்வது வழக்கம், அவருடைய கோயில் கோலு என்ற கிராமத்தில் இருக்கிறது. ஆடுமாடு, ஒட்டகங்களைக் காக்கும் சாமி. ஒட்டகம் மேய்க்கும் ரைக்கா சமூகத்துக்கும் ராஜபுத்திரர்களுக்கும் முக்கியமானவர். கால்நடைக்கு நோய் வந்தாலோ வேண்டுதல் இருந்தாலோ போப்பாவை அழைத்துப் பாட வைப்பார்கள். அவரோடு ஒரு துணி வரும். சுமார் 15 அடி நீளம், பாபுஜியின் கதை முழுக்க வரைந்திருக்கும். அதற்கு பட் என்று பெயர். பில்வாரா, ஷாபுரா பக்கத்து ஜோஷி குடும்பங்கள் பரம்பரையாக அதை வரைகிறார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீலால் ஜோஷிக்கு 2006இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விரித்துக் கட்டிய பட்தான் போப்பாவுக்குக் கோயில். ஊர் ஊராகப் போகும் கோயில்.

நான் பார்த்த இரவில், இருட்டிய பிறகு இரண்டு கழிகளுக்கு நடுவே அந்த பட் துணியைக் கட்டினார்கள். போப்பா சிவப்பு நீள அங்கி போட்டு, காலில் சலங்கை கட்டியிருந்தார். ஒரு அடி வாசித்து, ஒரு அடி பாடி, வில்லின் நுனியால் துணியில் ஒரு கறுப்புக் குதிரையைத் தொட்டார். அவர் மனைவி கையிலிருந்த எண்ணெய் விளக்கை அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவர் விட்ட இடத்திலிருந்து உச்சஸ்தாயியில் வரியைப் பிடித்தார். விளக்கு போகிற இடம் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. கதை நகர நகர விளக்கும் நகரும். இடைவேளையில் காணிக்கை கொடுத்தவர் பெயரைச் சொல்லி சங்கு ஊதினார்கள். நம் பக்கத்து நாடகங்களில் அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை மைக்கில் படிப்பார்களே, அதே மரியாதை. அந்த அம்மாவைப் போப்பி என்பார்கள். அவர் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை, பாட்டில் பாதி அவருடையது. மருமகளாக வந்த வீட்டில் மாமியார் பாடக் கேட்டுத்தான் இவர் கற்றுக்கொண்டாராம். முழுக்கதையையும் பாட ஒரு இரவு பத்தாது. அதனால் எந்தப் பகுதி வேண்டும் என்று அழைத்தவர்களைக் கேட்டுப் பாடுகிறார்கள்.

கதை நம் கரைக்கு வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. பாபுஜி தன் அண்ணன் மகள் கேலம் கல்யாணத்துக்கு ஒட்டகங்கள் சீதனமாகத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த ஊரில் ஒட்டகம் கிடையாது. எங்கே இருக்கிறது? இலங்கையில். இந்தக் கதைப்படி ராஜஸ்தானுக்கு ஒட்டகம் வந்ததே இலங்கையிலிருந்துதான். ஹர்மல் என்ற மேய்ப்பர் வேவு பார்த்து வர, பாபுஜி கடல் கடந்துபோய் ராவணனை வென்று ஒட்டகங்களை ஓட்டி வருகிறார். பாபுஜியை லட்சுமணனின் அவதாரமாகவே அவர்கள் பாடுகிறார்கள். அவர் மணக்கப் போகும் பூல்வந்தி போன பிறவியில் சூர்ப்பணகை. கடைசியில் அவரைக் கொல்ல வரும் ஜிந்த்ராவ் கீசி ராவணனின் மறுபிறப்பு. மாடுகளைக் காப்பாற்ற பாபுஜி கல்யாணச் சடங்கின் பாதியில் எழுந்து போகிறார். ராமாயணத்தில் மிச்சம் இருந்த கணக்கை இந்தக் கதை தீர்க்கிறது. சேதுக்கரையிலும் தனுஷ்கோடியிலும் வளர்ந்த நமக்கு ராமாயணம் என்றால் ராமர் அணை கட்டியது, லிங்கம் வைத்தது. தார் பாலைவனத்து மேய்ப்பருக்கு அதே கடல், ஒட்டகம் வந்த வழி. இதைக் கேட்ட அன்று எனக்குப் புல்லரித்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அந்தப் பெரியவர் போப்பாவாக இருந்தால், அக்னி தீர்த்தத்தில் நின்று ராவணனைப் பற்றி அவர் சொன்னது யாத்ரீகரைக் கவர மட்டும் சொன்னதாக இருக்காது. அவர் ராத்திரிகளில் பாடும் கதையின் எல்லைக்கே வந்து நிற்கிறார்.

சரி, வாத்தியத்தை ராவணன் செய்தானா? இது நம்பிக்கை. அந்த நம்பிக்கை பழையது, பரவலானது, ஆனால் சரித்திரச் சான்று கிடையாது. ராவணன் பெரிய இசைஞன் என்பது நம் மரபுக்கும் சொந்தம்தான். அவன் கொடியே வீணைக்கொடி. கைலாச மலைக்கு அடியில் நசுங்கியபோது பாடி இறைவனை மகிழ்வித்தான் என்பதைத் தேவாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது, சம்பந்தர் பதிகங்களில் எட்டாவது பாட்டு பொதுவாக அவனுக்குத்தான். திருவிழாவில் கைலாச வாகனத்தில் அவன் வீணை மீட்டுகிற கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதெல்லாம் விரலால் மீட்டும் வாத்தியம். சிலப்பதிகாரத்து யாழும் அப்படித்தான், வில் போட்டு இழுத்ததாகச் செய்தி இல்லை. வில்லிசைக் கருவிகளுக்குத் தெளிவான பழைய சான்றுகள் 10ஆம் நூற்றாண்டை ஒட்டி மத்திய ஆசியப் பகுதியிலிருந்து கிடைக்கின்றன என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. பிறகு ஃபெத்திஸ் என்ற 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை அறிஞர், வில்லிசைக்கெல்லாம் தாய் ராவணனின் வாத்தியம்தான், ஐயாயிரம் வருஷப் பழமை என்கிற அளவுக்கு எழுதிவிட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றும் "வயலினைக் கண்டுபிடித்தவன் ராவணன்" என்ற செய்திக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது. ராவணஹத்தாவிலிருந்து நேராக ஐரோப்பிய வயலின் பிறந்தது என்று காட்ட ஆதாரம் எதுவும் இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது எதிர்த்திசைப் பயணம். நாம் கச்சேரியில் வாசிக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களில் முதல்வர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். 1786இல் பிறந்தவர். சென்னையில் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு, பிறகு நமக்குப் பக்கத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ராவணஹத்தாவை வயலினின் அரைகுறை முன்னோடி என்று நினைத்துவிடக் கூடாது. அது தனி மரம். அதை வயலினோடு வைத்து அளந்தால் இரண்டுமே புரியாமல் போகும். தென்னாட்டில் அதற்கு உறவு தேடினால், கேரளத்துப் புள்ளுவர்கள் நாகர் கோயில்களில் வில் போட்டு வாசிக்கும் புள்ளுவன் வீணையைச் சொல்வேன். அதுவும் வழிபாட்டு வாத்தியம், அதிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து பாடும் வழக்கம் உண்டு.

நீங்கள் பார்த்தவர் போப்பாதானா? வாத்தியம் விற்கிற எல்லாரும் போப்பா இல்லை. திருவிழாக்களிலும் மெரினாவிலும் கொட்டாங்கச்சி வயலினைத் தோளில் கட்டி, சினிமாப் பாட்டை வாசித்துக்கொண்டே விற்கிறவர்கள் வேறு பல ஊர்க்காரர்கள். அவர்கள் வாசிப்பையும் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஒற்றைக் கம்பியில் அவ்வளவு கமகம் எடுப்பது லேசான காரியம் இல்லை. அடையாளம் வேண்டுமென்றால் வில்லில் மணி, பக்கத்தில் பிரடை வரிசை, மயிர்க்கற்றைக் கம்பி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடுத்த முறை சினிமாப் பாட்டு கேட்காமல் "பாபுஜி" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். போப்பாவாக இருந்தால் அவருக்கு உடனே புரியும்.

அவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றால், அழைக்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஒட்டகம் இருந்தால்தான் ஒட்டகச் சாமிக்கு வேண்டுதல் இருக்கும். கால்நடைக் கணக்கெடுப்புப்படி 2012இல் நாட்டில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன, 2019இல் அது சுமார் 2.5 லட்சம். மேய்ச்சல் நிலம் சுருங்கி, டிராக்டரும் லாரியும் வந்து, ரைக்கா வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாதபோது போப்பா கோட்டை வாசல்களில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பத்து நிமிஷம் வாசிக்கிறார். பத்து நிமிஷ வாசிப்பில் கதைக்கு இடம் இல்லை, போப்பிக்கும் இடம் இல்லை. வாத்தியம் மட்டும் தனியாக மிஞ்சுகிறது. எனக்கு இதில்தான் வருத்தம். வாத்தியம் அழியாது, அது அழகாக இருக்கிறது, விலைக்குப் போகிறது, பிழைத்துக்கொள்ளும். அதன் வாயில் இருந்த கதையை முழுசாகத் தெரிந்தவர்கள்தான் குறைகிறார்கள். அதனால் அடுத்த முறை அந்தப் பெரியவரைப் பார்த்தால் வாத்தியத்துக்குப் பேரம் பேசுவதைவிட, உட்கார்ந்து அரை மணி நேரம் பாடச் சொல்லி, அந்தப் பாட்டுக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு வீடியோ எடுங்கள்.

உங்களிடம் இருக்கும் வாத்தியத்துக்கு வருவோம். கீச்சொலிக்குப் பெரும்பாலும் காரணம் வில்லில் பிசின் இல்லாததுதான். வயலின் கடையில் ரோசின் என்று கேளுங்கள், வில் மயிரில் வெள்ளைப் பொடி படியும் வரை தேய்க்க வேண்டும். அது இல்லாமல் மயிர் கம்பியைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். அடுத்து, தோலின் மேல் நிற்கும் சின்ன மரத்துண்டு. நாம் அதைக் குதிரை என்போம். பையில் வைத்துக் கொண்டுவரும்போது அது சாய்ந்திருக்கும். கம்பியைத் தளர்த்தி, நேராக நிமிர்த்தி, மறுபடி முறுக்குங்கள். மூன்றாவது நம் கடற்காற்று. தார் பாலைவனத்துக் காய்ந்த காற்றில் விறைப்பாக நிற்கும் ஆட்டுத்தோல் இங்கே ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும், நாதம் அடைத்துப்போகும். எஃகுக் கம்பியில் துரு ஏறும். காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் தோல் பக்கத்தைக் காட்டுங்கள், அடுப்புச் சூட்டில் காட்டினால் தோல் கிழிந்துவிடும். வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். தோலுக்குப் பதில் காகிதம் ஒட்டியிருந்தால் வெயில் பலன் தராது. உச்சிப்புளிப் பக்கம் தேங்காய்க்கா பஞ்சம், நல்ல சிரட்டையாகத் தேர்ந்தெடுத்து, தவில் தோல் கட்டுகிறவரிடம் கொடுத்து ஆட்டுத்தோல் போட்டுக்கொள்ளலாம். நான் அப்படிச் செய்து கொடுத்தவை நன்றாகவே பேசுகின்றன.

வாசிக்கும்போது கம்பியை மூங்கிலோடு சேர்த்து அழுத்த வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். வயலின் பழக்கத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். இங்கே கம்பி மூங்கிலைவிட்டு உயரத்தில் நிற்கிறது, அழுத்த அழுத்தச் சுருதி ஏறிக்கொண்டே போகும். விரல் நுனியால் ஒரே அளவில் தொட்டு நகர்த்த வேண்டும். முதலில் ஸா மட்டும், நீளமான இழுப்பு, வில் ஒரே வேகத்தில். அப்புறம் தாலாட்டுப் போல அவளுக்கு நன்றாகத் தெரிந்த மெட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே தேடட்டும். போப்பாக்கள் கற்பது ஸ்வரம் எழுதி இல்லை, குரலைப் பின்தொடர்ந்துதான். நான் அடிப்படை வில் பிடிப்பு வரை சொல்லித் தர முடியும். மணி வித்தையைக் கற்றுத்தர அவர்கள்தான் வேண்டும்.

நேரில் கேட்கிற ஆசை வந்தால், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி புஷ்கரில் ஒட்டகச் சந்தை கூடும், போப்பாக்கள் வருவார்கள். பழசாகிக் கிழிந்த பட் துணியைச் சடங்கு செய்து நீரில் விடுவதும் புஷ்கர் ஏரியில்தான். ராமேஸ்வரத்திலிருந்து அஜ்மீர் வழியாகப் போகும் வாராந்திர ரயில் இருக்கிறது, அஜ்மீரில் இறங்கினால் புஷ்கர் பக்கம். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையிலும் அக்டோபர் மாதப் பௌர்ணமியை ஒட்டி நாட்டுப்புற இசை விழா நடக்கிறது. ஆனால் விழா மேடையில் கேட்பது துண்டுதான். முழு இரவுப் பாட்டு வேண்டுமென்றால் மார்வார் கிராமங்களில் யார் வீட்டில் வேண்டுதல் இருக்கிறது என்று விசாரித்து, அவர்கள் சம்மதத்தோடு போய் உட்கார வேண்டும். சால்வை எடுத்துப் போங்கள், பாலைவனத்தில் பின்னிரவுக் குளிர் கடுமையாக இருக்கும்.